பொம்மைக் காருக்குத் துருவேற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சனிக்கிழமை மாலைகளில் சோறு கிடைக்காது, கார்கள்தான் கிடக்கும். ஆட வருகிறவர்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள், கொரியர் கொடுக்க வந்து வாசலில் நின்றுவிட்டவர் என்று எல்லோரும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

இந்த வயதில் பொம்மைக் காரா? இது என்ன விளையாட்டு?

வயதைப் பற்றி வீட்டில் ஏற்கெனவே பேசி முடித்தாகிவிட்டது. விளையாட்டின் பெயர் 'கேஸ்லேண்ட்ஸ்'. பிரிட்டனின் ஆஸ்ப்ரே நிறுவனம் 2017இல் விதிப்புத்தகமாக வெளியிட்டது. விரிவாக்கிய பதிப்பு 2019இல் வந்தது. பூமி பாழாகிக் கிடக்கிறது. செவ்வாயில் குடியேறியவர்கள் சௌக்கியமாக இருக்கிறார்கள். பூமியில் மிஞ்சியவர்கள் ஓட்டைக் கார்களில் துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு ஒரு தொலைக்காட்சிப் பந்தயத்தில் மோதுகிறார்கள். பரிசு, செவ்வாய்க்குப் போக இடம். கதை அவ்வளவுதான்.

ஒரு சுற்றில் ஆறு கியர் கட்டங்கள் உண்டு. ஐந்தாம் கியரில் போகிற கார் ஐந்து கட்டங்களில் நகரும். இரண்டாம் கியரில் ஊர்கிற கார் இரண்டோடு நின்றுவிடும். வளைவாகவும் நேராகவும் வெட்டிய அட்டைகளைக் காரின் மூக்கில் வைத்து நகர்த்த வேண்டும். சறுக்குகிறதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். வழக்கமாக ஓர் அணிக்கு 50 'கேன்' பட்ஜெட்; ஆட்டத்தில் காசுக்குப் பெயர் அது. அதற்குள் வண்டியும் ஆயுதமும் வாங்கிக்கொள்ள வேண்டும். இதற்கென்று தனியாக விலையுயர்ந்த பொம்மை எதுவும் தேவையில்லை, கடையில் தொங்குகிற சின்ன உலோகக் கார் போதும் என்பதுதான் என்னை இழுத்தது.

ஹாட் வீல்ஸ்தான் வேண்டுமா? வேறு கார் ஆகாதா?

ஆகும். 1968இல் தொடங்கிய ஹாட் வீல்ஸும் 1953இல் தொடங்கிய மேட்ச்பாக்ஸும் இன்று ஒரே நிறுவனத்தின் கையில்தான் இருக்கின்றன. மஜோரெட், சிக்கு போன்றவற்றின் சிறிய கார்களும் பொருந்தும். அளவு ஏறக்குறைய 1:64, அதாவது நிஜ வண்டியில் 64இல் ஒரு பங்கு என்பார்கள். 'ஏறக்குறைய' என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லா வண்டியும் கடையில் தொங்கவிடுகிற ஒரே அளவு அட்டையில் அடங்க வேண்டும் என்பதற்காக லாரியைச் சுருக்கியும் சின்னக் காரைப் பெருக்கியும் வார்த்திருப்பார்கள். பஸ்ஸும் காரும் ஒரே நீளத்தில் பக்கத்தில் நின்றால் கண்ணை உறுத்தும். வாங்கும்போதே ஒன்றன் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்ப்பது நல்லது.

பின்னால் இழுத்துவிட்டால் ஓடுகிற பிளாஸ்டிக் அம்பாசடரும் ஆட்டோவும் பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் அவை இந்த ஆட்டத்துக்கு மிகப் பெரியவை. பக்கத்தில் நிற்கிற உலோகக் கார் அவற்றின் குட்டிபோல ஆகிவிடும். நானும் ஒன்று வாங்கி ஏமாந்திருக்கிறேன்.

அட்டையிலிருந்து பிய்த்து அப்படியே வைத்து ஆடக் கூடாதா?

தாராளமாக ஆடலாம். முதல் இரண்டு மூன்று ஆட்டங்களை அப்படித்தான் ஆட வேண்டும் என்றும் சொல்வேன். எந்த வண்டி எந்த ஆயுதத்தோடு சரிப்படும் என்று தெரியாமல் பெயின்ட்டைத் திறப்பவர்கள், பிறகு ஒட்டிய துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

காரைத் திறப்பது எப்படி? ஒரு திருகாணிகூட இல்லையே!

கவிழ்த்துப் பாருங்கள். அடித்தட்டில் பெரும்பாலும் இரண்டு வட்டப் பொட்டுகள் தெரியும். மேல்கூட்டிலிருந்து இறங்குகிற உலோகக் கால்களின் நுனியைத் தட்டிக் குடைபோல விரித்து வைத்திருக்கிறார்கள், அதுதான் ரிவெட். நமக்கு வேண்டியது அந்தக் குடையை மட்டும் சீவி எடுப்பது. காலைத் துளைத்துவிடக் கூடாது.

காரைத் துணியில் சுற்றி வைஸில் பிடியுங்கள். கையில் பிடித்துக்கொண்டு ட்ரில் போடுவது விரலுக்கு ஆகாது. பொட்டின் நடுவில் கான்கிரீட் ஆணியை வைத்து ஒரு தட்டு. பிட் வழுக்காமல் உட்கார அந்தக் குழி போதும். பிறகு 3 மி.மீ. பிட்டை மெதுவான வேகத்தில் இறக்குங்கள். துத்தநாகக் கலவை என்பதால் மிருதுவாக, வெள்ளை வெள்ளையாகச் சுருள் வரும். ஒரு மில்லிமீட்டர் இறங்கியதும் பொட்டின் விளிம்பு தனி வளையமாகக் கழன்று பிட்டோடு சேர்ந்து சுற்றத் தொடங்கும். அந்த நொடியில் நிறுத்திவிடுங்கள். தகட்டை நெம்பினால் மேல்கூடு, கண்ணாடி, இருக்கைகள், சக்கரத்தோடு அடித்தட்டு என்று நான்கு துண்டாகப் பிரிந்து வரும். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், சுருளை ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

திரும்ப மூடுவதற்கு, காலின் நடுவில் 1.6 மி.மீ. துளை போட்டு 2 மி.மீ. 'டேப்' என்கிற மரைவெட்டியால் மரை வெட்டித் திருகாணி போடுவது முறையான வழி. நான் முக்கால்வாசிக் கார்களை இரண்டு பொட்டு எபாக்ஸியால் ஒட்டி முடித்துவிடுகிறேன். மறுபடி திறக்கும் எண்ணம் இருப்பவர்களுக்குத்தான் திருகாணி.

திறக்காமலே பெயின்ட் அடித்தால் என்ன?

ஒன்றும் ஆகாது. கண்ணாடியை மறைப்பதற்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். பந்தயக் காரின் சன்னல்களை வலைக்கம்பியாலோ தகட்டாலோ அடைக்கப் போகிறீர்கள் என்றால் அந்தக் கவலையும் இல்லை. முதல் காரைத் திறக்காமல் செய்யுங்கள்.

கம்பெனி பெயின்ட்டை உரிக்கத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. நுண்ணிய உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, பாத்திர சோப்பால் கழுவிக் காயவைத்தால் பிரைமர் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே இருக்கிற பெயின்ட் கனமாக இருந்து கதவுக் கோடுகளை நிரப்பியிருந்தால் மட்டும் உரிக்கலாம்.

உரிப்பதானால் மேல்கூட்டைத் தனியாக எடுத்து, கண்ணாடிப் பாட்டிலில் அசிட்டோனில் ஓர் இரவு ஊறவிட்டு, பழைய பல் துலக்கியால் தேய்க்கலாம். பிளாஸ்டிக் துண்டு ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது; கரைந்து கூழாகிவிடும். சுவாமி விளக்கு எரிகிற அறையில் இந்த வேலை கூடவே கூடாது. ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிற பெயின்ட் ரிமூவர்களில் சிலவற்றில் மெத்திலீன் குளோரைடு இருக்கும். சில நிமிடங்களில் பெயின்ட்டைத் தோல்போல உரித்துவிடும். ஆனால் அதன் ஆவி மூடிய அறையில் ஆளைக் கொன்றிருக்கிறது. வீட்டில் பெயின்ட் உரிக்க அதை விற்பதை அமெரிக்கா 2019இல் தடை செய்தது. ஒரு பொம்மைக் காருக்காக அந்த டப்பாவைத் தொடாதீர்கள்.

பிரைமர் அடித்தேன், மாவு தூவினதுபோல் ஆகிவிட்டது. ஏன்?

தூரத்திலிருந்து அடித்திருப்பீர்கள். பெயின்ட் காற்றிலேயே பாதி காய்ந்து தூளாக வந்து உட்கார்ந்திருக்கும். 20 முதல் 30 செ.மீ. தூரம், குறுக்கே கையை ஓட்டிக்கொண்டே மெல்லிய பூச்சு, காயவிட்டு இன்னொன்று. வெயில் கொளுத்துகிற மொட்டை மாடியிலும் இதே கதிதான்; காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள்.

ஐப்பசி அடைமழையில் அடித்தால் வேறு தொல்லை. காற்றின் ஈரம் பூச்சில் சிக்கி வெளுப்பாகப் பனி படரும். அந்த மாதங்களில் நான் ஸ்ப்ரேயைத் தொடுவதே இல்லை. தூரிகையால் பூசுகிற பிரைமர் இருக்கிறது, அல்லது துப்பாக்கி செய்துகொண்டு காலத்தை ஓட்டலாம்.

வீட்டுச் சுவருக்கு அடித்த பெயின்ட் மிச்சம் இருக்கிறது. அதையே அடிக்கலாமா?

வேண்டாம். அது கதவுக் கைப்பிடியையும் விளக்கையும் மெழுகிவிடும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற கைவினை அக்ரிலிக் போதும். வெளிநாட்டு மினியேச்சர் பெயின்ட்டின் நிறமி நுண்ணியது, மெல்லிய பூச்சிலேயே மறைக்கும், விலையும் அப்படி. மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்றையும் அதில் வாங்கிக்கொண்டு மற்றதை உள்ளூரில் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. மறைக்க மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்வது அந்த மூன்றும்தான்.

எதுவானாலும் தண்ணீர் சேர்த்துப் பால் பதத்துக்குக் கொண்டுவந்து இரண்டு மூன்று முறை பூசுங்கள். ஒரே பூச்சில் முடித்த கார், தோசை மாவில் முக்கியெடுத்ததுபோல் இருக்கும்.

துப்பாக்கி எதில் செய்கிறீர்கள்? ரீஃபில் போதுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ரீஃபில் குழாய் சுமார் 3 மி.மீ. தடிமன். அதை 64 ஆல் பெருக்கினால் 19 செ.மீ. வருகிறது. மாருதியின் கூரையில் போர்க்கப்பல் பீரங்கியை ஏற்றியதாக அர்த்தம். பீரங்கிதான் வேண்டும் என்றால் சரி. இயந்திரத் துப்பாக்கிக்கு அரை மில்லிமீட்டர் கம்பி போதும், அது நிஜத்தில் 32 மி.மீ. ஆகிறது. குண்டூசியின் தலையை வெட்டியும் செய்யலாம். நான் கொஞ்சம் மிகைப்படுத்தி ஒரு மில்லிமீட்டர் எடுக்கிறேன்; கைநீட்டும் தூரத்திலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் அல்லவா?

பந்துமுனைப் பேனாவின் பித்தளை நுனி ராக்கெட் ஆகும். பழுதான செல்போன் சார்ஜரைப் பிரித்தால் ஒரு வருடத்துக்கு எஞ்சின் பாகம் கிடைக்கும். அலுமினியக் கொசுவலைத் துண்டு சன்னல் காப்பு; எம்-சீல் உருண்டை மணல் மூட்டை. ஒட்டும்போது பசையை மட்டும் நம்பாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் துளை போட்டுக் கம்பியை உள்ளே இறக்கி ஒட்டுங்கள், ஏனென்றால் ஆடுகிறவர்கள் காரைத் தூக்குவது எப்போதும் துப்பாக்கியைப் பிடித்துத்தான்.

சூப்பர் க்ளூ போட்டேன், கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் புகை பிடித்துவிட்டது. போச்சா?

போகவில்லை. அந்தப் பசையின் ஆவி ஈரத்தோடு சேர்ந்து கெட்டியாகிப் படிகிறது. காவல்துறையினர் கைரேகையை வெளிக்கொணர இதே ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். உங்கள் கண்ணாடியில் உற்றுப் பார்த்தால் உங்கள் விரல் தெரிந்தாலும் தெரியும். பளபளப்பு வார்னிஷை மெல்லிதாகத் தடவினால் பெருமளவு தெளியும். தெளியாவிட்டால் தூசி படிந்த கண்ணாடி என்று சொல்லிச் சமாளிக்கலாம். இந்த ஆட்டத்தில் அது நம்பும்படியான பொய். அடுத்த முறை கண்ணாடியை மட்டும் ஃபெவிகாலால் ஒட்டுங்கள்.

கூடவே ஒன்று. சிந்திய சூப்பர் க்ளூவைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். பருத்தியோடு சேர்ந்தால் சட்டென்று சூடேறிக் கையைச் சுட்டுவிடும். ஆப்ப சோடாவைத் தூவினால் அந்த இடத்திலேயே கல்லாகிவிடும். ரிவெட் குழியை அடைக்க நான் வேண்டுமென்றே செய்வது அதுதான்.

துரு நிஜம்போல் வரவே மாட்டேன் என்கிறது. என்ன பெயின்ட் போடுகிறீர்கள்?

பெயின்ட்டில் இல்லை விஷயம், இடத்தில் இருக்கிறது. ஏதாவது ஒரு பட்டறை வாசலில் வருடக்கணக்கில் நிற்கிற வேனைப் போய்ப் பாருங்கள். எங்கள் தெருமுனையில் ஒன்று நிற்கிறது. கதவின் நடுப்பகுதி இன்னமும் நீலமாகத்தான் இருக்கிறது. சக்கர வளைவின் உள்விளிம்பு, கதவின் அடி, கண்ணாடி ரப்பரின் கீழ் மூலை, கூரையில் தண்ணீர் தேங்குகிற பள்ளம், இவைதான் தின்னப்பட்டிருக்கின்றன. ஒரு ஸ்க்ரூ துளையிலிருந்து பழுப்புக் கோடு ஒன்று நேராகக் கீழே இறங்குகிறது, மழை ஓடிய வழியில். ஓட்டையின் நடுவில் கறுப்பு, அதைச் சுற்றிக் கரும்பழுப்பு, வெளி ஓரத்தில்தான் ஆரஞ்சு. எல்லோரும் ஆரஞ்சிலிருந்து தொடங்குகிறார்கள்.

செய்முறை: பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் சின்ன துண்டு கிள்ளிக் கரும்பழுப்பில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி ஏறக்குறைய காயவைத்து, மேலே சொன்ன இடங்களில் மட்டும் ஒற்றுங்கள். அதன் மேல் கோலத்துக்கு ஓரம் கட்டுகிற காவிப் பொடியைப் பழைய தூரிகையால் தட்டுங்கள். காவியின் நிறமே இரும்பு ஆக்சைடுதான். துருவும் அதே குடும்பம். கைவினைக் கடையில் சின்னக் குப்பியில் 'துரு நிறமி' என்று விற்பதை ஒருமுறை வாங்கிவிட்டுப் பக்கத்துக் கடையில் காவிப் பொட்டலத்தின் விலையைக் கேட்டு நொந்துபோனேன். வார்னிஷ் பட்டதும் பொடி ஒரு நிறம் கருக்கும், பாதி மறைந்தும் போகும். ஆகவே கொஞ்சம் தாராளமாகவே போடுங்கள்.

சக்கரத்தை ஒட்டிய புழுதிக்கு விபூதி பிரமாதமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அம்மாவுக்குத் தோன்றவில்லை. நிறச்சாக்கட்டியை உப்புத்தாளில் உரசிக்கொள்கிறேன்.

எல்லாக் காரும் துருவாகிவிட்டது, எது யாருடையது என்றே தெரியவில்லை!

புதிதாகக் கற்றுக்கொண்டவர்கள் எல்லோரும் வந்து நிற்கிற இடம் இது. நானும் ஆறு பழுப்பு உருண்டைகளை வைத்துக்கொண்டு நின்றேன். அணிக்கு ஒரு நிறத்தைத் தேர்ந்து, காரில் பாதிக்குமேல் அது தெரியும்படி விடுங்கள். கூரையில் பெரிதாக எண் எழுதுங்கள், ஏனென்றால் மேசை விளையாட்டில் நாம் காரைப் பெரும்பாலும் பார்ப்பது மேலிருந்துதான். பக்கவாட்டில் மணிக்கணக்காக எழுதிய வாசகத்தை எதிராளி ஒருநாளும் படிக்கப் போவதில்லை.

சக்கரம் உருள வேண்டாமா? ஒட்டிவிட்டீர்களே!

நகர்வது அட்டையின் அளவுப்படி. உருளுகிற கார், யாராவது மேசையில் முழங்கையை ஊன்றினால் ஓர் அங்குலம் நழுவும். அந்த ஓர் அங்குலத்துக்கு அரைமணி நேரம் சண்டை. அச்சின் உள்பக்கம் ஒரு சொட்டுப் பசை போதும். உருளுகிற சுகம் வேண்டும் என்பவர்கள் திறக்காத கார் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கியை முன்னால் நீளமாக நீட்டிவிட்டேன். அளப்பது அதன் நுனியிலிருந்தா, காரின் மூக்கிலிருந்தா?

எங்கள் மேசையில் காரின் உடலிலிருந்துதான். ஒட்டிய முள், குழல், எலும்புக்கூடு எதுவும் அளவிலும் மோதலிலும் கணக்கில்லை. இல்லாவிட்டால் அடுத்த வாரம் ஒருவர் ஊதுபத்தி நீளத்துக்குக் குழல் வைத்துக்கொண்டு வருவார். வந்தார். ஆட்டம் தொடங்குமுன் இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

அதைவிட முக்கியம் துப்பாக்கியின் திசை. விதிப்படி ஆயுதம் வாங்கும்போதே முன், பின், பக்கம் என்று ஒரு திசையைச் சொல்லியாக வேண்டும். எல்லாப் பக்கமும் சுழல்கிற மேடையில் வைத்தால் விலை மூன்று மடங்கு. பின்பக்கம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு முன்னால் ஒட்டியிருந்தால், விதி மன்னித்தாலும் எதிராளி மன்னிக்க மாட்டார். பிற்பாடு மாற்றிக்கொள்ள வசதியாக, ஒரு மில்லிமீட்டர் துளையில் பசையில்லாமல் செருகிவைக்கிறவர்களும் உண்டு. அரிய யோசனைதான், அந்தத் துண்டுகள் சோபாவுக்கு அடியில் போகாதவரை.

அடித்தட்டில் 1996 என்று போட்டிருக்கிறது. பழைய கார், விலை போகுமா? உரித்துவிட்டேனே!

பதற வேண்டாம். அடியில் இருப்பது அந்த அச்சு வடிவத்துக்கு உரிமை பதிந்த ஆண்டு. அதே அச்சில் போன வருடம் வார்த்த காரிலும் அதே எண்தான் இருக்கும்.

ஆனாலும் உரிக்குமுன் ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஹாட் வீல்ஸில் 1995 முதல் 'ட்ரெஷர் ஹன்ட்' என்று சிலவற்றைக் குறைவாக விடுகிறார்கள். 2007இல் தொடங்கிய அதன் உயர்வகையில் ரப்பர் டயரும் கண்ணாடிபோல் மின்னும் பெயின்ட்டும் இருக்கும். டயரில் சிவப்புக் கோடு இருந்தால் அது 1968இலிருந்து 1977வரை வந்த பழைய வரிசையாக இருக்கலாம். அப்படிப்பட்டது கையில் சிக்கினால் வாங்கித் துருவேற்றாமல் சேகரிப்பவரிடம் கொடுத்துவிட்டு, அந்தக் காசில் பத்து சாதாரணக் கார் வாங்கிக்கொள்ளுங்கள். மிகப் பழைய பொம்மைகளின் பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதும் அவற்றைத் தேய்க்காமல் விடுவதற்குக் காரணம்.

மாமா, முடித்ததும் இந்த பஸ்ஸை எனக்குத் தருவீர்களா?

அக்கா மகன் கேட்டது, வயது ஏழு. தர மாட்டேன். கம்பி குத்தும், மணல் மூட்டை கழன்றால் வாய்க்குப் போகும், நாம் அடிக்கிற பெயின்ட்டும் வார்னிஷும் குழந்தை கடிப்பதற்கென்று சோதித்தவை அல்ல. அதற்குப் பதில் திறக்காத கார் ஒன்றும், தூரிகையும், தண்ணீரில் கழுவினால் போகிற வண்ணமும் கொடுத்தேன். ரோஸ் நிறம் அடித்து, விளக்குகளில் கண்ணிமை வரைந்து, கூரையில் எண் 7 போட்டுக் கொண்டுவந்தான். துரு ஒரு பொட்டுகூட இல்லை. போன சனிக்கிழமை அதையும் ஆட்டத்தில் சேர்த்தோம். மூன்றாவது சுற்றில் என் பஸ்ஸைப் பக்கவாட்டில் இடித்துக் கவிழ்த்தது அதுதான்.